முதுகில் முளைத்ததும் காலில் ஆறாததும்

கரம்பொன்னில் என் பெரியம்மாவின் வீட்டுக் கிணறு வேலியோரம் இருக்கிறது. குறுக்குக்கட்டோடு நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புத் தோய்க்கும் அயல்வீட்டு அன்ரியோடு கதைத்தபடி குளிப்பதுதான் அவரது வழக்கம். இம்முறை நான் போயிருந்தபோது அந்த வழக்கம் மாறியிருந்தது. விடிய நாலரைக்கு எழும்பி, லைற் போடாமல், முதுகைத் துவாயால் போர்த்தபடி குளித்தார். முதல் நாள் அதைக் கவனித்தும் நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுத் துவாயை எடுத்தார். இடது தோள்பட்டைக்குக் கீழே, ரூபாய்க் குற்றியளவில், கரடுமுரடான ஒரு கறுப்பு முளை. அதைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக மண்ணிறத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு.

"உது கான்சர் பிள்ளை. எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"எவ்வளவு காலமா இருக்கு?"

"ரெண்டு வருசம் தாண்டியிட்டுது."

"ஏன் ஒருத்தருக்கும் காட்டேல்லை?"

"காட்டினா வெட்டுவினம். வெட்டினா ஆர் என்னைப் பாக்கிறது?"

அவருக்கு வயது 74. ஒரு மகள் ரொறன்ரோவில். ஒரு மகன் 1990இல் தீவகம் குலைந்த நேரத்தில் காணாமல் போனவர். இரண்டு வருடமாக ஒவ்வொரு இரவும் தன் சாவை எண்ணியபடி தனியே படுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அது கான்சர் அல்ல. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்கில் இருந்த வைத்தியர், வெளிச்சம் பொருத்திய பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவியை முதுகில் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. "அம்மா, இது வயசுக்கு வாறது. நரை மாதிரி. எனக்கும் வரும்" என்றார். இரண்டு வருடப் பயம் முடிய ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. நான் ஊடகக் கற்கை படித்தவள், வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எழுதுவதற்காகக் கேட்டும் வாசித்தும் போனபோது, பெரியம்மாவின் முதுகைவிட முக்கியமான இன்னொரு விடயம் அதே ஒழுங்கையில் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியம்மாவுக்கு வந்ததன் வைத்தியப் பெயர் செபோரிக் கெரட்டோசிஸ். முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு தலைகாட்டத் தொடங்கி, வயது ஏற ஏற எண்ணிக்கையில் கூடும். அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோரின் உடம்பில் ஒன்றாவது இருக்கும். முதுகு, நெஞ்சு, முகம், தலை என்று எங்கும் வரலாம். நிறம் மண்ணிறத்திலிருந்து கருங்கறுப்பு வரை. தொட்டால் மெழுகு போலவோ, காய்ந்த சேறு போலவோ இருக்கும். இதை அடையாளம் காண வைத்தியர்கள் முதலில் பார்ப்பது அதன் விளிம்பை. தோலுக்குள்ளிருந்து வளர்ந்ததுபோல் இராது, யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிவிட்டதுபோல் இருக்கும். நகத்தால் கிளப்பினால் வந்துவிடும் போலத் தோன்றும். வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்தால் அடிப்பலகையில் ஒட்டிப் பிடித்திருக்கும் சிப்பிகளைத் தீவார் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆங்கில வைத்தியர்களும் இதை அந்தச் சிப்பியோடுதான் ஒப்பிடுகிறார்கள். எங்களுக்கு அது இன்னும் சுலபமாகப் பிடிபடும்.

தோலின் மேற்படையில் இருக்கும் கலங்கள் ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாகப் பெருகிக் குவிவதால் இது உண்டாகிறது. அந்தக் கலங்களில் சில மரபணு மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதே மாற்றங்கள் சில புற்றுநோய்களிலும் காணப்படுபவை என்பதுதான் ஆச்சரியம். ஆனாலும் இவை புற்றாக மாறுவதில்லை. ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். குடும்பத்தில் தாய்க்கோ தகப்பனுக்கோ நிறைய இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். வெயில் படாத இடத்திலும் வருவதால் வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிருமியால் வருவதல்ல. ஆகவே தொற்றாது. பெரியம்மா தன் துவாயைத் தனியே தோய்த்துக் காயப்போட்டதற்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

முகத்தில் வரும் இதன் சின்னத் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் குண்டூசித் தலையளவில் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டுகள். எங்கள் பெண்களில் பலருக்கு இருபத்தைந்து, முப்பதிலேயே தொடங்கிவிடும். எனக்கும் இரண்டு இருக்கிறது. கறுத்த தோல் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம். ஹொலிவூட் நடிகர் மோர்கன் ஃப்ரீமனின் கன்னங்களில் இருப்பவை இவைதான். இதற்கு டெர்மட்டோசிஸ் பப்புலோசா நைக்ரா என்று 1925இல் பெயர் வைத்தவர் அல்டோ கஸ்ரலானி என்ற இத்தாலிய வைத்தியர். அவர் அதற்கு முன் 1903 தொடக்கம் பத்து வருடங்களுக்கும் மேலாகக் கொழும்பில் வேலை செய்தவர். எங்கள் பாட்டன்மார் பறங்கிப்புண் என்று சொன்ன நோயின் கிருமியை 1905இல் இலங்கையில் வைத்துக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

கழுத்திலும் கக்கத்திலும் மெல்லிய காம்போடு தொங்குபவை வேறு. எங்கள் பக்கம் உண்ணி என்பார்கள், சிலர் பாலுண்ணி என்பார்கள். பாலுண்ணி என்ற சொல்லைக் கிருமியால் வரும் மருவுக்கும் பாவிப்பதால் குழப்பம் வருகிறது. தொங்கும் உண்ணி தொற்றாது, புற்றுமல்ல. சங்கிலி உரசுமிடத்தில், சட்டைக் கொலர் உரசுமிடத்தில், தோல் மடிப்புகளில் வரும். ஆனால் இதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கலாம். உடம்பு இன்சுலினைச் சரியாகப் பாவிக்க முடியாமல் திணறுகிறவர்களுக்கு இந்த உண்ணிகள் அதிகமாக வருகின்றன. பின்கழுத்தில் வெல்வெற் துணி போலத் தோல் கறுத்துத் தடித்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். "கழுத்தில ஊத்தை, நல்லாத் தேய்ச்சுக் குளி" என்று பிள்ளைகளைப் பேசுகிற தாய்மாருக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். அது ஊத்தை அல்ல. தேய்ப்பதை விட்டுவிட்டுச் சீனி சோதித்துப் பாருங்கள்.

நெஞ்சிலும் வயிற்றிலும் வரும் இரத்தச் சிவப்புப் பொட்டுகள் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் திரண்டவை. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த கம்பெல் டி மோர்கன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இவற்றைப் புற்றுநோயின் அடையாளம் என்று நினைத்தார். நினைத்தது பிழை. பொட்டுகள் மட்டும் அவர் பெயரோடு இன்றும் நிற்கின்றன. தோலுக்கடியில் மெத்தென்று வழுக்கி ஓடும் கொழுப்புக் கட்டிகளையும் பலருக்குத் தெரியும். பெரும்பாலும் அவையும் ஒன்றும் செய்வதில்லை.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்துப் பூசுவது, உண்ணியின் காம்பில் தலைமயிரோ நூலோ இறுக்கிக் கட்டுவது, அம்மான் பச்சரிசிப் பால் விடுவது எல்லாம் எங்களுக்குத் தெரிந்தவைதான். தமிழ்நாட்டில் வைத்தீசுவரன் கோவிலில் உப்பும் மிளகும் போட்டு நேர்த்தி வைக்கிறார்கள். உப்பும் மிளகும் தோலை ஒன்றும் செய்யாது, ஆகவே அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. சுண்ணாம்பில்தான் முறைப்பாடு. சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். முளை விழலாம், ஆனால் அந்த இடத்தில் புண்ணும் வடுவும் மிஞ்சும். எங்களைப் போன்ற கறுத்த தோலில் வடு தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்வது அதிகம். என் சிநேகிதி ஒருத்தி கலியாணத்துக்கு முன் அழகு நிலையம் ஒன்றில் கன்னத்துப் பொட்டுகளை ஏதோ திரவம் வைத்துச் சுட்டுக்கொண்டாள். பொட்டு போய்விட்டது. பொட்டு இருந்த இடமெல்லாம் வெள்ளையாகப் போய், கலியாணப் படங்களில் பவுடருக்கு மேல் பவுடராக நிற்கிறாள்.

வைத்தியசாலையில் செய்யும்போதும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். −196 பாகை குளிரில் இருக்கும் திரவ நைதரசனைத் தொட்டு உறைய வைத்து எடுப்பது ஒரு முறை. நிறத்தைத் தரும் கலங்களுக்குக் குளிர் ஆகாது. அதனால் கறுத்த தோலில் வெள்ளைத் தழும்பு விழும் சாத்தியம் இருக்கிறது. சுரண்டி எடுப்பது, மின்சூட்டால் எடுப்பது என்று வேறு வழிகளும் உண்டு. இரத்தம் வருகிறது, உடுப்பில் உரசி நோகிறது, பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் எடுக்கலாம். மற்றபடி எடுக்கத் தேவையில்லை. பெரியம்மா எடுக்கவில்லை. "கிடக்கட்டும், இவ்வளவு காலமும் கிடந்தது தானே" என்றார். முக்கியமான ஒன்று: எங்கே எதை வெட்டினாலும், வெட்டியதில் சந்தேகம் இருந்தால் அதைக் குப்பையில் போடாமல் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் நூல் கட்டி விழுத்தியதை யாரும் பரிசோதிப்பதில்லை.

அன்று கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் பெரியம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வயசு போகப் போகப் புதுசு வருமெண்டால், பழைய மச்சம் அழியுமோ?"

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அண்ணாவின் வலது தோளில் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருடங்களில் அவர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு முறைப்பாட்டிலும், ஒவ்வொரு ஆணைக்குழுவின் முன்னும், அடையாளம் என்ற இடத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறார். காணாமல் போனபோது அண்ணாவுக்கு வயது 18. இன்று 53.

கேட்டதற்குப் பதில் தெரிந்திருந்தும் எனக்குச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. மச்சமும் வயதில் வரும் முளையும் ஒன்றல்ல. மச்சம் என்பது நிறத்தைத் தரும் கலங்கள் கூட்டமாகச் சேர்ந்தது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் வந்துவிடும். நாற்பதுக்குப் பிறகு புதிதாக மச்சம் வருவது குறைவு. பலர் மச்சம் என்று நினைப்பது பெரியம்மாவுக்கு வந்தது போன்ற முளைகளைத்தான். வயது போகப் போக மச்சம் தடித்து மேலெழும்பும், நிறம் வெளிறும். சில முதுமையில் மறைந்தும் போகும். 53 வயதில் அநேகமாக இருக்கும். கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் உயர்ந்து. அதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். வேலணை வரும்வரை பேசவில்லை. பிறகு, "அவனுக்கும் இப்ப முதுகில உது வந்திருக்கும், என்ன" என்றார்.

இனி, முதலில் சொன்ன மற்ற விடயம்.

பெரியம்மாவுக்குக் கான்சர் இல்லை என்ற கதை ஒழுங்கையில் பரவிய பிறகு, நாலாவது வீட்டு மாமா சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார். வயது 61. தோட்டமும் ஆடுகளும். எப்போதும் நீளக் காற்சட்டை போட்டிருப்பார். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் சாரத்தை மடித்துக் கட்டி நான் கண்டதில்லை. 1990இல், தீவகத்தை விட்டு ஓடிய நாட்களில், எரிந்த கொட்டில் ஒன்றுக்குள் அகப்பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்தது. அப்போது தோல் வைத்துத் தைக்க வசதி இருக்கவில்லை. அது தானாக மூடி, தடித்த வடுவாக நின்றது. 35 வருடங்கள்.

"இதையும் ஒருக்காப் பார் பிள்ளை. இது வயசுக்கு வாறதோ?"

முழங்காலுக்குக் கீழே, பழைய வடுவின் நடுவில், ஒரு புண். விளிம்பு தடித்து, பூக்கோவா போலப் புடைத்திருந்தது. பதினான்கு மாதங்களாக ஆறவில்லை என்றார். வெளியே போகும்போது துணி சுற்றிக்கொள்கிறார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டியிருக்கிறார். இரண்டு தடவை மருந்துக் கடையில் பூசுமருந்து வாங்கியிருக்கிறார். புண் நோகவில்லை, அதனால் பெரிதாக எடுக்கவில்லை.

அது வயதுக்கு வருவது அல்ல. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலிருந்து கடிதம் வாங்கி யாழ்ப்பாணம் போய், தசைத் துண்டு எடுத்துப் பரிசோதித்து, முடிவு வந்தபோது அது தோல் புற்றுநோய் என்று உறுதியானது.

பழைய தீக்காய வடுவிலும் ஆறாத நாட்பட்ட புண்ணிலும் வரும் இந்தப் புற்றுக்கு மார்ஜொலின் புண் என்று பெயர். 1828இல் இவ்வகைப் புண்களை விவரித்த பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால் அது புற்று என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. காஷ்மீரில் குளிருக்காகக் காங்ரி என்ற தணல் சட்டியை உடுப்புக்குள் வைத்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் சூடுபட்ட வயிற்றிலும் தொடையிலும் இதையொத்த புற்று வருவதை அங்குள்ள வைத்தியர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதி வந்திருக்கிறார்கள்.

இந்தப் புற்றைப் பற்றி எங்கள் சனம் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் காலக் கணக்கை. காயம் பட்டதற்கும் புற்று தெரிவதற்கும் இடையே சராசரியாக 30 வருடங்கள் என்கிறார்கள். சிலருக்குப் பத்தில் வரலாம், சிலருக்கு ஐம்பதில் வரலாம். காயம் பட்டபோது வயது கூடியிருந்தால் இந்த இடைவெளி குறையும். 1990இல் வெந்த வடுவுக்கு இன்று 35 வயது. 1995 இடப்பெயர்வுக் காலத்து வடுவுக்கு 30. 2009 முள்ளிவாய்க்கால் வடுவுக்கு 16. அதாவது, யுத்தம் எங்கள் உடம்பில் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்தக் காலக் கணக்குக்குள் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கிறது.

பயமுறுத்த இதை எழுதவில்லை. பெரும்பாலான வடுக்கள் வடுக்களாகவே கடைசிவரை இருக்கும். பழைய தீக்காய வடுக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில் மட்டுமே இப்படி ஆகிறது என்றுதான் வைத்திய நூல்கள் சொல்கின்றன. ஆனால் தானாக மூடவிட்ட ஆழமான காயங்கள், மூட்டுக்குப் பக்கத்தில் இருந்து நடக்கும்போது இழுபட்டு வெடிக்கும் வடுக்கள், அடிக்கடி புண்ணாகி ஆறும் இடங்கள் ஆகியவற்றில் ஆபத்து அதிகம். பங்கருக்குள் வைத்து மருந்து கட்டிய காயத்துக்கு யார் தோல் வைத்துத் தைத்தார்கள்? பொய்க்கால் போட்டிருப்பவர்களின் காலடி முனையில் உரசி உரசி ஆறாமல் இருக்கும் புண்ணும் இந்தக் கணக்கில் சேரும். பொய்க்கால் அளவு பிசகினால் அதைச் சகித்துக்கொண்டு நடக்காமல், யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடங்களில் காட்டித் திருத்துவதும் புற்றுநோய்த் தடுப்புத்தான்.

மாமாவிடம் ஏன் பதினான்கு மாதம் என்று கேட்டேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் நின்றபோது நடந்ததைச் சொன்னார். ரவுண்டப்பில் பிடித்து நிறுத்தி, சேட்டையும் காற்சட்டையையும் கழற்றச் சொல்லி, காலில் இருந்த வடுவைக் கண்டதும் தனியே கூட்டிக்கொண்டு போனார்கள். இயக்கத்தில் இருந்து பட்ட காயம் என்றார்கள். தீக்காயம் என்று சொன்னதை நம்ப நாலு நாள் எடுத்தது. "அண்டையில இருந்து நான் இந்தக் காலை ஒருத்தருக்கும் காட்டினதில்லை. மனிசிகூட மருந்து கட்டேக்கதான் பாத்தவ."

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தோளில், முழங்கையில், முழங்காலில் தழும்பு இருந்தால் சந்தேகம் என்ற காலம் ஒன்று இருந்தது. சின்ன வயதில் சைக்கிளால் விழுந்த தழும்புக்கும் கதை சொல்ல வேண்டியிருந்தது. வடுவை மறைப்பது உயிரைக் காப்பாற்றும் வேலையாக இருந்தது. பெண்களுக்கு அதோடு வேறு காரணங்களும் சேர்ந்தன. அந்தப் பழக்கம் சோதனைச் சாவடிகள் போன பிறகும் உடம்பை விட்டுப் போகவில்லை. வைத்தியரின் கேள்வியும் விசாரணையாகத்தான் காதில் விழுகிறது. ஆகவே சொல்கிறேன், வைத்தியரிடம் காயம் எப்படிப் பட்டது என்ற முழுக் கதையும் சொல்ல வேண்டும் என்றில்லை. "பழைய தீக்காயம், இத்தனை வருடமாகிறது, இத்தனை கிழமையாக ஆறவில்லை." இந்த மூன்றும் போதும். பெண் நோயாளர் தனக்குத் துணையாக ஒருவரை உள்ளே கூட்டிக்கொண்டு போகக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் மறைக்க வேண்டாம். உடம்பில் செல் துண்டு இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். எம்ஆர்ஐ என்ற பரிசோதனை பெரிய காந்தத்தால் நடப்பது. உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு அதில் அசையலாம், சூடாகலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால் அது விளையாட்டல்ல.

பெரியம்மாவின் முளையையும் மாமாவின் புண்ணையும் எப்படி வித்தியாசம் காண்பது? முளை வருடக்கணக்கில் மெல்ல வளர்ந்து, அப்படியே இருக்கும். ஒன்று வந்தால் அதுபோல் இன்னும் பல வரும். புண் ஆறவே ஆறாது, அல்லது ஆறியதுபோல் காட்டி மறுபடி வெடிக்கும். நாலு கிழமை தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும் வைத்தியர் பார்க்க வேண்டும், நோகாவிட்டாலும். வடு திடீரென்று தடித்தாலோ, கடித்தாலோ, அதிலிருந்து நீரோ இரத்தமோ கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, அதே. பல முளைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல் இல்லாமல், கிழமைக்குக் கிழமை மாறினால், ஒரே பொட்டில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தால், அதையும் காட்ட வேண்டும். அரிதாக, சில மாதங்களுக்குள் அரிப்போடு டசின் கணக்கில் முளைகள் பொரிந்து தள்ளினால், அது வயிற்றுக்குள் இருக்கும் வேறு நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

கூடவே உள்ளங்காலையும் பாருங்கள். பெரியம்மாவுக்கு வந்தது போன்ற முளை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவதில்லை. ஆகவே அங்கே புதிதாக ஒரு கறுப்புப் படை வந்தால், அதை வயதின் கணக்கில் எழுத முடியாது. மெலனோமா என்ற கொடிய தோல் புற்று வெள்ளைக்காரருக்கு வெயில் படும் இடங்களில் அதிகம் வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது குறைவு. ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கடி ஆகிய இடங்களில்தான். பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் கீழே வந்தது. பந்து விளையாடிப் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார். வெறுங்காலோடு தோட்டத்திலும் கடற்கரையிலும் நடக்கும் எங்கள் ஆட்கள் காலில் முள்ளுக் குத்தியது, சிப்பி வெட்டியது என்று எதையும் சொல்லிவிடுவார்கள். முள்ளுக் குத்தினால் இரண்டு மூன்று கிழமையில் மாற வேண்டும்.

இலங்கையில் அரச வைத்தியசாலையில் இவை எல்லாவற்றுக்கும் பணம் கட்டத் தேவையில்லை. பஸ் காசும் ஒரு நாளும் தான் செலவு. தீவகத்தில் அந்த ஒரு நாள் பெரிய செலவு என்பது எனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க ஆள் வேண்டும், வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாது. புற்று என்று உறுதியானாலும் முன்னைய மாதிரி மகரகமவுக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில் இயங்குகிறது.

மாமாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. புண்ணைச் சுற்றியிருந்த வடுவோடு சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். அரையில் நெறி கட்டியிருக்கவில்லை, அதாவது பரவியதற்கு அடையாளம் இல்லை. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்று சொன்னார்களாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டப் போகிறார்.

நான் யாழ்ப்பாணம் திரும்பும் நாளன்று வேலிக்கு அந்தப் பக்கத்து அன்ரி, உடுப்புத் தோய்த்த கையோடு வந்து, கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். சங்கிலி உரசும் இடத்தில் ஐந்தாறு உண்ணிகள், பின்கழுத்து கறுத்துப் போய்.

"இதுவும் ஒண்டுமில்லைத் தானே?"

"உண்ணி ஒண்டுமில்லை. சீனி எப்ப கடைசியாச் சோதிச்சனீங்கள்?"

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். சோதித்ததே இல்லை. புதன்கிழமை இரண்டு பேருமாக ஊர்காவற்றுறைக்குப் போவது என்று முடிவாயிற்று. மாமா தன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஆடுகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.